கெட்னர் உட்கார்ந்த சுவர்

மெரில் கெட்னர் நாற்பத்தோரு வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிறார். வீட்டை அவரே கட்டினார். கிணறு போட்டார், வேலி போட்டார், அந்த வேலியை மான்கள் முறிக்க முறிக்க மறுபடி போட்டார். இவ்வளவும் செய்துவிட்டு என் கடைக்கு வந்து ஒரு காப்பி குடித்தால், பக்கத்தில் நிற்கிறவர்கள் வெளியூர்க்காரர்களுக்கு அவரை இப்படித்தான் அறிமுகம் செய்வார்கள்: "இவருதான் மெரில். டாகெட் இடத்துல இருக்காரே, அவரு."

அப்போது மெரில் காப்பிக் கோப்பையை மேஜையில் வைப்பார். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்கும்.

டாகெட் என்பவன் 1912-ல் மாட்டுவண்டியில் இந்தப் பக்கம் வந்தான். இங்கே எங்கும் மண்டிக் கிடக்கும் சேஜ் என்கிற வாசனைப் புதரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கோதுமை விதைத்தான். முதல் வருஷம் மழை இல்லை. இரண்டாம் வருஷம் மழை வந்தது, கூடவே முயல்களும் வந்தன. மூன்றாம் வருஷம் அவனே போய்விட்டான். அவன் விட்டுப்போனது கூரையில்லாத ஒரு கல் வீடு, அவன் மனைவி வாசலில் நட்ட ஒரு லைலாக் பூச்செடி, அப்புறம் அந்தப் பேர். மூன்றே வருஷம் இருந்த ஆள். ஒரு மூட்டை கோதுமைகூட முழுதாக அறுக்காத ஆள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பேரை அந்த இடத்துக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். முன்னால் யார் இருந்துவிட்டுப் போனார்களோ அவர்கள் பேர்தான் நிற்கும். என் கடையையே பாருங்கள். நான் நாலு வயதுக் குழந்தையாக இருந்தபோது மோசர் என்பவரிடமிருந்து என் அப்பா வாங்கினார். எனக்கு இப்போது அறுபத்து மூன்று. இன்னமும் இது மோசர் கடைதான். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, யாராவது பாலைக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொண்டுவந்தால் மோசரிடம் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

மெரிலால் அப்படி விட முடியவில்லை. அவர் நல்ல மனுஷர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனிக்காலத்தில் கேட்காமலே எல்லார் வாசலிலும் பனியைத் தள்ளிவிட்டுப் போவார். ஒரு ஜோக் சொன்னால் மறுநாள் சிரிப்பார், ஆனால் மனசாரச் சிரிப்பார். அவருக்கு இருந்த ஒரே ஆசை, சாவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் அந்த இடத்தைக் கெட்னர் இடம் என்று சொல்லிக் காதால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான்.

அதில் இன்னொரு சிக்கல். எங்கள் ஊரில் கெட்னர் இடம் என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது. வடக்கே இருபத்தேழு மைலில், வறண்ட உப்பு ஏரியின் கரையில், சாய்ந்துபோன ஒரு தகரக் கொட்டகை. மெரிலின் சித்தப்பா ஃபெரிஸ் அங்கேதான் இருந்தார், தேவாலயத்துப் பியானோவோடு நெவாடாவுக்கு ஓடிப்போகும்வரை. மெரிலுக்கு அது இரட்டை எரிச்சல். அவர் இடத்தில் டாகெட் பேர், அவர் பேரில் சித்தப்பா இடம்.

சும்மாவும் இருக்கவில்லை அவர். ஒரு வருஷம் நல்ல ஜூனிபர் மரப் பலகையில் காய்ச்சின கம்பியால் தன் பேரைச் சுட்டு எழுதி, பளபளவென்று பன்னிரண்டு பித்தளைத் திருகாணி போட்டு கேட்டில் மாட்டினார். ஒரு மாதத்தில் பலகையில் எழுத்தைவிடத் துப்பாக்கி ஓட்டை அதிகமாகிவிட்டது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, எங்கள் பக்கம் பலகை என்று ஒன்று நின்றால் அதைச் சுடாமல் போவது மரியாதை இல்லை. பிறகு ஒவ்வொரு திருகாணியாகக் காணாமல் போயிற்று. ஒவ்வொன்று போன இடத்திலும் ஒரு காய்ந்த சாணித் துண்டோ ஒரு ஜூனிபர் காயோ இருந்தது. பண்டமாற்று எலியின் வேலை அது, ஒன்றை எடுத்தால் ஒன்றை வைத்துவிட்டுத்தான் போகும். பன்னிரண்டாவது திருகாணியும் போனதும் பலகை விழுந்து, மாடுகள் அதன் மேல் நடந்தன.

"எலிக்குக்கூட ஒரு நேர்மை இருக்கு. இந்த ஊர்க்காரங்களுக்கு இல்ல," என்றார் மெரில்.

"எலி உங்களுக்குச் சாணி குடுத்துச்சு. நாங்க காப்பி குடுக்கறோம். எது தேவலை?" என்றேன் நான்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரென் வந்தாள். முப்பது வயது இருக்கும், அரசாங்கத்து வனவிலங்கு ஆள். சேஜ் புதருக்குள் வாழும் சேஜ் கோழி என்கிற காட்டுக்கோழிகளை எண்ணுவதும், எந்தப் புதர் எங்கே முளைக்கிறது, எந்த இடிந்த வீடு எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறிப்பதும் அவள் வேலை. டாகெட்டின் கல் வீட்டுக்குப் பக்கத்தில் புதரில்லாத ஒரு வெட்டவெளி இருக்கிறது. ஏப்ரல் மாதம் விடியற்காலையில் சேவல்கள் அங்கே கூடி, நெஞ்சை உப்பி, அதிலிருக்கும் மஞ்சள் பலூன் மாதிரி இரண்டு காற்றுப்பையைத் தூக்கிக் காட்டி, "பொளக் பொளக்" என்று சத்தம் போட்டு ஆடும். பெட்டைகள் ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்காகச் சேவல்கள் விடுவதில்லை. மறுநாளும் அதே இடத்துக்கு வந்து அதே நெஞ்சை உப்பும். மெரிலுக்கு அந்தச் சேவல்களை ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று அவரிடம் கேட்டால் தெரியாது என்பார். எனக்குத் தெரியும்.

அந்த ஆடுகளத்துக்கு ஒரு பேர் வேண்டும் என்றாள் மாரென். பக்கத்தில் இருக்கிற மூன்று பேர், தனித்தனியாக, ஒரே பேரைச் சொன்னால் அது வரைபடத்தில் ஏறிவிடும். வரைபடத்தில் ஏறினால் அப்புறம் மாறாது.

மெரிலுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று அவர் மனைவி லியோட்டா சொன்னாள். அடுத்த ஒரு வாரம் அவர் ஓட்டுக் கேட்காத குறைதான். எனக்கு இரண்டு புட்டி ருபார்ப் ஜாம் வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வெண்டலுக்கு, ஒரு வருஷமாக உடைந்து கிடந்த இழுவை வண்டியின் அச்சு சரியாயிற்று. லியோட்டாவுக்கு ஒன்றும் வரவில்லை. பெண்டாட்டி ஓட்டு எங்கே போய்விடும் என்று நினைத்திருப்பார்.

"கெட்னர். ஒரே ஒரு வார்த்தை. சொல்ல முடியுமா முடியாதா?" என்று எங்களைக் கேட்டார்.

"அண்ணே, இதுல என்ன கஷ்டம்? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்," என்றான் வெண்டல்.

மாரென் என் கடையில் உட்கார்ந்துதான் விசாரித்தாள். மெரில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு மூளை அதிகம். பேர் என்ன என்று அவள் கேட்கவே இல்லை. பேர் என்று கேட்டால் ஆட்கள் கதை கட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வழி கேட்டாள்.

"வெண்டல், கோழி ஆடற இடத்துக்கு எப்படிப் போகணும்?"

"ரொம்பச் சுலபம். தெற்கு ரோட்டுல பதினாலு மைல், டாகெட் கேட்டைத் தாண்டினதும் வலது பக்கம்," என்றான் வெண்டல். சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம் மாறியது.

அடுத்து நான். பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தேன். "கெட்னர் இடத்துக்குப் போய்," என்று ஆரம்பித்தேன். அடுப்புப் பக்கம் பத்திரிகை கொஞ்சம் இறங்கியது.

"ஏரிக்கரையில இருக்கே, அந்தத் தகரக் கொட்டகையா?" என்றாள் மாரென்.

"ஐயோ, அது இல்லம்மா. அது அவரு சித்தப்பாவோடது. இது டாகெட்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நேரம் கடந்துவிட்டது. அப்போது லியோட்டா ஈஸ்ட் வாங்க உள்ளே வந்தாள். அவளிடமும் வழி கேட்டாள் மாரென்.

"எங்க வீட்டுக்கே வந்துரு, காப்பி போட்டுத் தரேன்," என்றாள் லியோட்டா, மனசு நிறைந்த சந்தோஷத்தோடு. "வழி தப்பினா யாரையாவது கேளு. டாகெட் இடம்னா சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்."

மெரில் எழுந்து, பத்திரிகையை மடித்து வைத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு அந்த ஜாமை ரொட்டியில் தடவிவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம், மே மாதத் தொடக்கம். நல்ல வெயில். வேலி சரிபார்க்கப் போகிறேன் என்று லியோட்டாவிடம் சொல்லிவிட்டு, கடப்பாரையும் சங்கிலியும் எடுத்துக்கொண்டு மெரில் வண்டியில் கிளம்பியிருக்கிறார். வேலிக்குப் போகவில்லை. டாகெட்டின் கல் வீட்டுக்குப் போனார். கல்லே இல்லாவிட்டால் பேர் எதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகு நடந்ததை அவர் வாயாலேயே, ஒவ்வொரு துண்டாக, நான்கைந்து மாதத்தில் வாங்கினேன்.

காலையிலிருந்து மத்தியானம்வரை இரண்டு சுவரைத் தள்ளிவிட்டார். மூன்றாவது சுவரின் மூலையில் எலிக் கூடு ஒன்று இருந்தது, ஒரு ஆள் உயரத்துக்குக் குச்சியும் எலும்புமாக. கடப்பாரையால் அதைக் கிளறினார். உள்ளே வெயில் பட்டு ஏதோ மின்னியது. அவருடைய பித்தளைத் திருகாணிகள். பன்னிரண்டும் இருந்தன. கேட்டிலிருந்து அரை மைல் தூக்கிக்கொண்டுவந்து, டாகெட் வீட்டுச் சுவருக்குள் ஒளித்து வைத்திருக்கிறது எலி. செத்தும் ஆள் வைத்துத் திருடுகிறானே பாவி என்று மெரில் நினைத்தார். அந்தக் கோபத்தில் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்தார். அந்தச் சுவரின் இடுக்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிலுகிலுப்பைப் பாம்பு ஒரு தடவை வாலைக் கிலுக்கி எச்சரித்தது. மெரிலுக்கு இடது காது கேட்காது.

எங்கள் பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது. எல்லார் வண்டியிலும் கையில் எடுத்துப் பேசுகிற ரேடியோ உண்டு. என் கடையில் அது ஊறுகாய்ப் புட்டிகளுக்கு மேலே இருக்கிறது. லியோட்டா மாவு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் மெரில் குரல் வந்தது, ரொம்ப நிதானமாக.

"வெண்டல். பாம்பு கடிச்சிருச்சு."

"யாரை அண்ணே?"

"என்னை."

"எந்த இடத்துல இருக்கீங்க?"

"கெட்னர் இடத்துல," என்றார் மெரில்.

எதிர்ப்புறக் கொட்டகையிலிருந்து ஆம்புலன்ஸ் புழுதி கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. ரோட்டுக்கு வந்து இடது பக்கம், வடக்கே, உப்பு ஏரியைப் பார்த்துத் திரும்பியது. ரேடியோவை எட்டி எடுத்தேன்.

"மெரில், சித்தப்பா கொட்டகைல உங்களுக்கு என்ன வேலை?"

"நான் சித்தப்பா கொட்டகைல இல்ல."

"கெட்னர் இடம்னு சொன்னீங்களே."

"கெட்னர் இடம்தான். என் இடம்."

"உங்க இடம் நாப்பது சதுர மைல் இருக்கு. அதுல எங்க?"

"கல்லு வீட்டுல."

"கல்லு வீடு மூணு இருக்கு. எந்தக் கல்லு வீடு?"

ரேடியோவில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. உயிர் போகிற நேரத்தில், நூறு வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன ஒருவன் பேரைச் சொல்ல மாட்டேன் என்று ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உட்காரவும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

லியோட்டா மாவு மூட்டையைக் கீழே வைத்தாள். என் கையிலிருந்து ரேடியோவை வாங்கினாள்.

"மெரில், நான்தான். கடிச்சது கைலயா, கால்லயா?"

"ரெண்டும் இல்ல."

லியோட்டா கண்ணை மூடித் திறந்தாள்.

"சரி. நான் சொல்றதைக் கேளு. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. நல்ல பேரு. அதை விட்டுட்டு நாப்பத்தோரு வருஷமா உன் பேரை நான் வச்சிருக்கேன். இந்தப் பள்ளத்தாக்கு பூரா உன் பேரைக் கூடவே தூக்கிட்டு நடக்கறது நான் ஒருத்திதான். அது உனக்குப் பத்தலைன்னா அங்கயே கிட. பத்தும்னா, எங்க இருக்கன்னு சொல்லு."

நான் ஊறுகாய்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டாகெட் வீட்டுல," என்றார் மெரில்.

உடனே வெண்டல் குரல் வந்தது. "அட என்னண்ணே, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" ஆம்புலன்ஸ் நடுரோட்டில் திரும்பி, கடையைத் தாண்டித் தெற்கே பறந்தது. எங்கள் வண்டி அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது.

நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். மெரில் லைலாக் செடியின் நிழலில் குப்புறப் படுத்திருந்தார். பேன்ட் முழங்காலில் கிடந்தது. ஒரு கை மூடியிருந்தது, திறந்து பார்த்தால் திருகாணிகள். சுற்றிலும் கல் சிதறிக் கிடந்தது, ஆனால் லைலாக் செடியைச் சுற்றி மட்டும் ஒரு கல்லும் அசையவில்லை. ஒவ்வொரு வருஷமும் லியோட்டா அதிலிருந்து பூப் பறித்துக்கொண்டு போய் மேஜையில் வைப்பாள். அவள் அதைக் கவனித்தாள், அவர் தலைமாட்டில் உட்கார்ந்து தொப்பியால் விசிறினாள்.

"ஓப்பல், அந்தப் பக்கம் பாரு," என்றார் மெரில் என்னிடம்.

"பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் பெரிசா இல்ல," என்றேன். அழுகை வந்துவிடும்போல இருந்ததால் அப்படிச் சொன்னேன்.

வெண்டல் வந்து அவரைக் குப்புறவே தூக்கி வைத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவன் வரவழைத்த ஹெலிகாப்டர் இறங்க வேறு வெட்டவெளி கிடையாது, சேஜ் கோழிகளின் ஆடுகளத்தில்தான் இறங்கியது. அது கிளப்பிய காற்றில் பள்ளத்தாக்கு முழுக்க நசுங்கிய சேஜ் இலையின் வாசனை, மழை பெய்தது மாதிரி. மறுநாள் விடியற்காலையில் அந்த வருஷத்துக் கடைசி நாலு சேவல் அதே இடத்துக்கு வந்து, ஹெலிகாப்டர் இறங்கின தடத்தின் மேல் நின்று நெஞ்சை உப்பின என்று மாரென் சொன்னாள்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மெரில் பிழைத்து வந்தார். வந்தவர் இரண்டு வாரம் கடைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் காரியம் முடிந்துவிட்டது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, வெண்டல்மேல் எனக்குச் சந்தேகம். மாடு தேடப் போனவன், "கெட்னர் உக்காந்த சுவருக்குக் கிழக்க நிக்குது" என்றான். ஜூனிபர் விறகு வெட்டப் போனவர்கள், கெட்னர் உட்கார்ந்த சுவருக்குப் பின்னால் நல்ல மரம் இருக்கிறது என்றார்கள். டாகெட் பேர் நூறு வருஷம் நின்றது, அது கழன்று விழ ஒரு பாம்புக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

ஜூன் மாதம் மாரென் திரும்ப வந்தாள். இன்னும் அச்சுக்குப் போகாத வரைபடத்தில் நாலு சுவரோடு குறித்த வீட்டில் இப்போது ஒன்றரைச் சுவர்தான் இருப்பதால் எல்லாவற்றையும் மறுபடி விசாரிக்க வேண்டியிருந்தது. வழி கேட்டாள். வெண்டல் சொன்னான், நான் சொன்னேன். லியோட்டாவும் சொன்னாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். மூன்று பேர், தனித்தனியாக, ஒரே பேர். அது ஏறிவிட்டது.

அச்சான வரைபடம் ஒன்றை என் கடைச் சுவரில் ஒட்டினேன். மெரில் ஒருநாள் தனியாக வந்து, கண்ணாடியைப் போட்டு, வெகு நேரம் அதன் முன்னால் நின்றார்.

"இதை மாத்த முடியாதா?" என்றார்.

"முடியாது. வரைபடத்துல ஏறினா ஏறினதுதான்."

"எங்க கடிச்சுதுன்னு போடலையே?"

"போடல. உக்காந்ததை மட்டும்தான் போட்டிருக்கு."

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் தன் வண்டியில் தனியாகப் போகும்போது சிரித்துக்கொண்டு போனதை வெண்டல் பார்த்தானாம். எங்கள் யாரிடமும் அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த ஏப்ரல் மாதம் ஒரு தம்பதி வந்தார்கள், கழுத்தில் பெரிய தொலைநோக்கிகளோடு. சேஜ் கோழி ஆடுவதைப் பார்க்க வேண்டுமாம். மெரில் அடுப்புப் பக்கம் தன் வழக்கமான இடத்தில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"தெற்கு ரோட்டுல பதினாலு மைல். கேட்டைத் தாண்டி வலது பக்கம். கெட்னர் உக்காந்த சுவர் வரும், அங்க வண்டிய நிறுத்திட்டு, இறங்காம உள்ளயே இருந்து பாருங்க. இறங்கினா கோழி பறந்துரும். சுவர்மேல மட்டும் உக்காராதீங்க."

அந்த அம்மாள் வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். "இருக்கு, போட்டிருக்கு. இங்க இப்படி எத்தனை இடிஞ்ச வீடு! பாவம், இந்த கெட்னரும் தாக்குப்பிடிக்க முடியாம போயிட்டவருதானா?"

வெண்டல் தன் கோப்பைக்குள் பார்த்தான். நான் கல்லாவைத் துடைத்தேன், அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

"இல்லம்மா," என்றார் மெரில். "அவன் போகல."

சொல்லிவிட்டு, அவர் போட்டு உட்காருவதற்காகக் கல்லாவுக்கு அடியில் நான் வைத்திருக்கும் தலையணையை எடுத்துத் தரச் சொன்னார்.